கடைசி ஸ்க்ரூவில் ஒரு கோடு

அந்தக் கடையில் அண்ணன் பேசுவான், தங்கை வேலை செய்வாள். ஏற்பாடு அவ்வளவுதான். தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஷட்டர் ஏறும்போது ஆரம்பித்தால் இறங்கும்போதுதான் நிற்கும். அவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. பெயரெல்லாம் அவள் போடும் கோட்டுக்குத்தான். பழுது பார்த்த சாமானை மூடி முடித்ததும், கடைசி ஸ்க்ரூவின் தலையில் தொடங்கிப் பக்கத்துத் தகரம்வரை நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பாள். அரக்குச் சிவப்பு. வேறு யாராவது அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் கோடு நடுவில் விண்டுவிடும்.

தன் நகத்தில் அதை ஒருநாளும் பூசிக்கொண்டதில்லை. "அவ நகத்துக்குத்தான் நேரமில்ல, மிக்ஸியாவது அழகா இருக்கட்டும்" என்று அண்ணன் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். வருகிறவர்களும் சாமானைக் கவிழ்த்துப் பார்த்து, கோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தூக்குவார்கள்.

தையல்கார அக்கா அன்று தன் மைக்ரோவேவ் ஓவனைப் பேரனின் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"குழந்தைக்கு என்னக்கா உடம்புக்கு?" என்றாள் தங்கை, முதுகு திறந்து கிடந்த டிவியிலிருந்து தலையைத் தூக்காமலே.

"உள்ள தட்டு சுத்த மாட்டேங்குதும்மா. மத்தபடி தங்கம். போன மாசம் உங்க அண்ணன் பண்ணிக் குடுத்ததுலேர்ந்து முன்ன விட நல்லா ஓடுது."

போன மாதம் அவள் கடையில் இல்லை. கணவனுக்குக் காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவே வீடாகிப் போயிருந்தது.

"முன்ன விடன்னா எப்படி?"

"முன்னாடியெல்லாம் கதவைத் திறந்தா டக்குனு நின்னுடும். மூடணும், மறுபடி பட்டனை அமுக்கணும், ஒரே ரோதனை. இப்ப திறந்தாலும் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. பால் பொங்குதான்னு எட்டிப் பாத்துக்கலாம், கையை விட்டுக் கிளறிக்கலாம். அடுப்பு மாதிரியே ஆகிப்போச்சு, போ!"

தங்கையின் கையிலிருந்த சால்டரிங் அயர்ன் அதன் கூட்டுக்குத் திரும்பியது. அவள் எழுந்து வந்தாள்.

"திறந்தாலும் ஓடுதா?"

"ஓடுதுங்கிறேன்!" அக்கா பெருமையோடு சொன்னாள். ஏதோ தன் பிள்ளை முதல் ரேங்க் வாங்கியது போல.

"கையைக் காட்டுங்க."

வலது கையில் இரண்டு விரல் நுனிகள் காய்ந்த ஆரஞ்சுத் தோல் போல மஞ்சளித்து இறுகியிருந்தன. ஓரத்தில் தோல் உரிந்திருந்தது.

"பாத்திரம் சுட்டுடுச்சு போல. இப்பல்லாம் ஊசி குத்தினாலும் தெரிய மாட்டேங்குது. வயசாகுதுல்ல? நேத்து ஒரு வெள்ளைத் துணியில ரத்தக் கறை. யார் வீட்டுப் பூனைடா வந்துச்சுன்னு தேடறேன், கடைசியில பாத்தா என் விரல்!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

தங்கை சிரிக்கவில்லை. "அக்கா, இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. பாத்திரம் சுட்டுதுன்னு சொல்லாதீங்க. ஓவன் ஓடிட்டிருக்கும்போது கையை உள்ள விட்டேன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லணும், மாத்தக் கூடாது."

"ஏம்மா, ஓவன் கடிக்குமா என்ன?"

"கடிச்சிருக்கு."

அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கப் பார்த்தது, இறங்க இடம் தெரியாமல் நின்றது. வெற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஓவனைத் திருப்பிப் பார்த்தாள் தங்கை. பின்பக்கத்துக் கடைசி ஸ்க்ரூவில் அரக்குச் சிவப்பு.

அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை, சந்தேகம். அதுவும் தன் மேல். அது அவள் சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா என்று பாதி வழியில் யோசிப்பாள். ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தது ஞாபகம் இருந்தது. என்ன மூடினோம்? ஒரு மிக்ஸி. ஒரு இஸ்திரிப் பெட்டி. இதையுமா? தூக்கமில்லாத கை எதை வேண்டுமானாலும் செய்திருக்கும். நானேதானா? சோதித்துப் பார்க்கச் சேர்த்த வயரைப் பிரிக்காமல் மூடிவிட்டேனா?

பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள்.

கோடு இல்லை. அது ஒரு சொட்டு. ஸ்க்ரூவின் தலையை மட்டும் மூடிக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தகரத்தைத் தொடவே இல்லை. கோடு எதற்கு என்று தெரிந்தவள் இப்படி வைக்க மாட்டாள். நிறத்தை மட்டும் பார்த்தவன் வைத்த சொட்டு அது.

அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு வெளியே போவதற்குள் நெருப்பாகிவிட்டது.

மூடியைக் கழற்றினாள். ப்ளக்கைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே கப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் மிச்சம் இருக்கும். முதலில் அதைச் செத்துப்போக வைத்தாள். பிறகு கதவோரத்தைப் பார்த்தாள். அங்கே விரல் நக அளவில் மூன்று ஸ்விட்சுகள் இருக்கும். கதவு திறந்தால் முதல் இரண்டும் கரன்ட்டை நிறுத்த வேண்டும். அந்த இரண்டும் ஏமாற்றினால், மூன்றாவது ஃப்யூஸை எரித்து மெஷினையே படுக்க வைக்கும். மூன்றாவது ஒரு காவல்காரன்.

முதல் இரண்டையும் ஒரு மஞ்சள் வயர் குறுக்கே கட்டிப் போட்டிருந்தது. மேலே டேப், பரிசுப் பொட்டலம் மாதிரி அழகாகச் சுற்றி. காவல்காரனுக்குப் போகும் வயர் நறுக்கப்பட்டிருந்தது.

அண்ணன் வந்தபோது வாசலிலேயே அவன் குரல் முதலில் வந்தது. ஒரு வீட்டில் டிவியை மாட்டிக்கொடுத்துவிட்டு வந்திருந்தான். "அந்த வீட்டு மாமா இருக்காரே, ரிமோட்டைத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு டிவி சரியில்லன்னு என்கிட்டயே..."

தங்கை மஞ்சள் வயரைத் தூக்கிக் காட்டினாள்.

ரேடியோ நின்றது.

"இது என்ன?"

"அது... தையல்கார அக்காவோடதா? அந்த ஸ்விட்ச் கிடைக்கலடி. கம்பெனிக்காரன்கிட்ட கேட்டா ஸ்விட்சைத் தனியா தர மாட்டானாம், முழுக் கதவா வாங்கணுமாம். நக அளவு சாமானுக்கு ஒரு கதவு! நீயே சொல்லு, அநியாயமில்லையா?"

"அநியாயம்தான். அதுக்கு அவங்க கை வேகணுமா?"

"கை எங்க வேகுது? ஓடற ஓவனுக்குள்ள எவனாவது கையை விடுவானா?"

"நீ ஓட விட்டே, அவங்க விட்டாங்க. ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல. தைக்கிறவங்களுக்கு விரல் போனா என்ன மிச்சம்? சொல்லு. வாய்தான் பெருசா இருக்கே, சொல்லு."

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். பிறகு, அடிபட்டவன் மாதிரி, "நீதானே அப்படிப் பண்ணுவே? நான் பாத்திருக்கேன். ஸ்விட்ச் ரெண்டையும் வயர் போட்டுச் சேத்து..." என்றான்.

"சோதிக்கிறதுக்குடா!" அவனை 'டா' போட்டுப் பேசுவது அவளுக்கு அதுவே முதல் தடவை. இருவருக்கும் அது காதில் விழுந்தது. "சூட்டைக் கிளப்புற மேக்னட்ரானுக்குப் போற வயரைக் கழட்டி வெச்சிட்டு, ஒரு நிமிஷம் சோதிச்சிட்டுப் பிரிச்சிடுவேன். அந்தப் பாதியைப் பாக்கலியா நீ? பேசிட்டிருந்தியா?"

பேசிக்கொண்டுதான் இருந்திருப்பான்.

"சரி, செஞ்சே. என் பாலிஷை எதுக்குத் தொட்டே?"

"கோடு இல்லாம யாரும் எடுத்துட்டுப் போக மாட்டேங்கிறாங்க. தங்கச்சி வரட்டும்ங்கிறாங்க. நான் பதினாறு வருஷமா இதே கடையில நிக்கறேன். என்னை ஒருத்தன் நம்பல." இப்போது அவன் குரலிலும் சூடு ஏறியிருந்தது. "ஒரு சொட்டு வெச்சேன், எல்லாரும் கும்பிட்டு வாங்கிட்டுப் போனாங்க."

"எல்லாரும்னா?"

அவன் காதைச் சொறிந்தான்.

"எத்தனை?"

"இது ஒன்னுதான்... இன்னொன்னு. கண்டக்டர் தாத்தாவோடது. அப்புறம் நர்ஸ் பொண்ணுங்க ஹாஸ்டல்." மூச்சு விட்டான். "எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வியாதி. நீ வேற இல்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அண்ணா."

"நாம சரி பண்ணி விக்க வெச்சிருந்தோம்ல, அது ஒன்னு. யாரோ ஒரு ஆள் வந்தான், வாங்கிட்டான். யாருன்னு தெரியல. சத்தியமா."

ஊர் முழுக்க எவன் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லக்கூடியவனுக்கு அந்த ஒரு ஆள் மட்டும் தெரியவில்லை. மேஜையிலிருந்த வயர் கட்டரைப் பையில் போட்டுக்கொண்டாள் தங்கை. "நீ ஹாஸ்டலுக்குப் போ. கெஞ்சாதே, கதை விடாதே. ப்ளக்கைப் பிடுங்கி, வயரை வெட்டி, ப்ளக்கை எடுத்துட்டு வா. வெட்டின ஓவனை யாராலயும் ஓட்ட முடியாது."

ஓய்வுபெற்ற கண்டக்டர் தன் வீட்டுக் கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை.

"நல்லா ஓடுற வண்டியை எதுக்கும்மா டிப்போவுக்குக் கூப்பிடறே?"

"அது நல்லா ஓடல, தாத்தா. நிக்காம ஓடுது. பிரேக் இல்லாத பஸ்ல ஏறுவீங்களா?"

"நான் அம்பத்தெட்டு வயசு வரைக்கும் அதுலதான் வேலை பாத்தேன்" என்றார் அவர். ஆனால் சங்கிலி இறங்கியது.

ஓவன் சமையலறை மேடையில் இருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. பூச்சாடியைக் கீழே வைத்தாள், ப்ளக்கைப் பிடுங்கினாள். அவர் மறிப்பதற்குள் கட்டர் ஒருமுறை 'டக்' என்றது.

"ஏய்! என் வீட்டுக்குள்ள வந்து என் சாமானை..."

"உங்க சாமான்தான். நாசமாக்கினது எங்க கடை. சரி பண்ணித் தர்றதும் எங்க கடை. அதுவரைக்கும் என்னை நல்லாத் திட்டுங்க."

அவர் நன்றாகவே திட்டினார். பஸ்ஸில் சில்லறை இல்லாமல் ஏறியவர்களுக்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அவள் நின்று முழுவதையும் கேட்டாள். ஓவனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அவர் மேலிருந்து கேட்டார்: "கோடு போட்டிருந்துச்சேம்மா. பாத்துத்தானே வாங்கினேன்?"

திட்டியதெல்லாம் தோளோடு போயிற்று. இது மட்டும் உள்ளே இறங்கியது.

கடைக்கு வந்து மேஜையில் ப்ளக்குகளை வரிசையாக வைத்தாள். தையல்கார அக்காவினுடையது, கண்டக்டருடையது. அண்ணன் கொண்டுவந்தது மூன்றாவது. நான்காவதற்கு ஒரு இடம் விட்டாள். அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. எந்த வீட்டு மேடையில் அது இருக்கிறது? எந்தப் பிள்ளை எட்டிக் கதவைத் திறக்கிறது?

பாலிஷ் சீசாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஷட்டரைப் பாதி இறக்கி அதன் மேல் எழுதத் தொடங்கினாள். சின்ன பிரஷ், ஒரு எழுத்துக்கு நாலு தடவை முக்க வேண்டியிருந்தது.

*இந்தக் கடையில் ஓவன் வாங்கியவர்கள், சரி செய்தவர்கள் உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இங்கே வரவும். கோட்டை நம்ப வேண்டாம்.*

"உனக்குப் பைத்தியமா?" அண்ணன் அலறினான். "நாலு ஓவனுக்காக நாப்பது பேரை விரட்டுறியா? கடையை மூட வேண்டியதுதான்!"

"மூடிக்கலாம்."

"அந்தக் கடைசி வரியையாவது அழி. அது உன் மானம்டி."

"அதை நீ ஏற்கனவே சொட்டுச் சொட்டா வித்துட்டே."

சீசா காலியாகிவிட்டது. அதைக் குப்பையில் எறிந்துவிட்டுத் திரும்பி, "உன்னைத் தெரியாதவங்க இந்த ஊர்ல இல்ல. போ. தெருத் தெருவா போய்க் கத்து. அந்த ஆள் காதுல விழற வரைக்கும் கத்து. இத்தனை வருஷம் பேசினதுக்கு இன்னிக்கு ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்" என்றாள்.

அவன் போனான். முதலில் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. அடுத்த தெருவில் கொஞ்சம் ஏறியது. பழைய பேப்பர் வாங்குகிறவன் மாதிரி ராகம்கூட வந்துவிட்டது: "ஓவன் வாங்கினவங்க... ரேடியோ கடையில ஓவன் வாங்கினவங்க... ப்ளக்கைப் பிடுங்குங்க..." யாரோ மாடியிலிருந்து சிரித்தார்கள். யாரோ, "பேட்டரி தீரலையா ரேடியோ?" என்றார்கள். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பாவமாக இல்லை. கத்தட்டும்.

அதற்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் வாசகத்தைப் படித்துவிட்டு, பழுது பார்க்கக் கொடுத்திருந்த மிக்ஸியைப் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார். ஒரு பெண் இரண்டு வருஷத்துக்கு முன் சரி செய்த ஓவனைக் கட்டிப்பிடித்தபடி கொண்டுவந்தாள். கோடு அப்படியே இருந்தது. ஒரு முடி அளவுகூட விண்டிருக்கவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவளுடைய கோடு. இருந்தும் அந்தப் பெண் திறந்து காட்டச் சொன்னாள். தங்கை ஸ்க்ரூவைத் திருப்பினாள். தன் கோடு தன் கையாலேயே நடுவில் விண்டது. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்படி எத்தனையோ. ஒவ்வொன்றையும் திறந்தாள், ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தது, ஒவ்வொரு தடவையும் கோபம் கொஞ்சம் கூடியது.

யாரோ வாங்கிப்போன அந்த ஓவனை அண்ணன் மறுநாள் மாலைதான் கண்டுபிடித்தான். முகமெல்லாம் தூசி. மேஜையில் விட்டிருந்த இடத்தில் நான்காவது ப்ளக்கை வைத்தான். தொண்டை முழுக்கப் போயிருந்தது, காற்றுதான் வந்தது.

"வாங்கின வாரமே ஓடலையாம். ஃபேன் போச்சு. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டான். குவியலுக்குள்ள புகுந்து எடுத்தேன்." அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா, ஒன்னும் ஆகல. தப்பிச்சோம்."

"தப்பிச்சோமா?"

அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தான் அவன் ஓரடி பின்னால் போனான்.

"நீ விட்ட ஓட்டை இன்னொரு ஓட்டையால அடைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஃபேனைச் சரியாப் போட்டிருந்தா அங்கயும் ஒரு கை வெந்திருக்கும். வேலையை ஒழுங்காச் செய்யாததாலதான் ஒருத்தன் பிழைச்சான். அந்த ஓவனுக்கு நான் இன்னும் பத்து வருஷம் உயிர் குடுத்திருப்பேன். குப்பையில கிடக்கு. ஒன்னும் ஆகலையாம்! தையல்கார அக்காகிட்ட போய்ச் சொல்லு, ஒன்னும் ஆகலன்னு. கையைத் தொட்டுச் சொல்லு. நீ தொட்டது அவங்களுக்குத் தெரியுதான்னு கேளு."

அவன் ப்ளக்கிலிருந்து கையை எடுத்தான்.

புது ஸ்விட்சுகள் தூரத்து ஊர் ஒன்றிலிருந்து கூரியரில் வந்தன. முழுக் கதவு இல்லாமல் ஸ்விட்ச் மட்டும். மூன்று கடைக்குப் போன் போட்டால் கிடைத்திருக்கும் சாமான். அதை நினைத்தும் அவள் ஒரு சுற்றுக் கோபப்பட்டாள்.

தையல்கார அக்கா தள்ளுவண்டியோடு வந்தாள். விரல்களில் கட்டு. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கையால் தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். தையல் குடிகாரன் நடை மாதிரி போகிறது என்றாள். சொல்லிவிட்டு இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஓவன் மூடித் தயாராக இருந்தது. மேஜையோரம் புதுப் பாலிஷ் சீசா ஒன்று, சீல் பிரிக்காமல். அண்ணன் வாங்கி வைத்தது. அதே நிறம் தேடி அலைந்திருக்கிறான். தங்கை அதைத் தொடவில்லை.

"அக்கா, கோடு..."

"கோடு வேணாம்மா." அக்காவின் குரல் தட்டையாக இருந்தது. "கோட்டை வெச்சி நான் என்ன பண்றது? ஓட்டிக் காட்டு."

தங்கை ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து ஓட விட்டாள். தட்டு சுற்றியது. கதவைத் திறந்தாள். சத்தம் அந்தக் கணமே அறுந்தது, விளக்கு மட்டும் எரிந்தது.

"தள்ளு, நான் பாக்கறேன்."

அக்கா இடது கையால் கதவை மூடினாள், பட்டனை அமுக்கினாள், கொஞ்சம் காத்திருந்தாள், படாரென்று திறந்தாள். நின்றது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். மெதுவாக, விரல் நுழையும் அளவு மட்டும் திறந்து பார்த்தாள். நின்றது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கட்டுப் போட்ட வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல்.

"இன்னொரு தடவை" என்றாள்.

பின்னால் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற ஒருவர், "எனக்கும் இப்படியே காட்டணும்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் தலையாட்டினார்.

அண்ணனுக்கு லேசாகக் குரல் திரும்பியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"நீ பேசாதே" என்றாள் தங்கை. "உள்ள தண்ணி சூடாயிடுச்சு. கொட்டிட்டு வேற பிடிச்சிட்டு வா. இன்னும் நிறைய தடவை ஓட்டணும்."